விட்டுவிட்டு எரியும் ரோச் லைற்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: கனடாவில் இருக்கும் தம்பி வேட்டைக்கென்று வாங்கிய எல்.இ.டி. ரோச், அங்கே பனிக்குள் துடித்துத் துடித்து எரிந்ததாம். பழுதென்று எனக்கு அனுப்பிவிட்டான். இங்கே ஒரு குறையும் இல்லை. நம்பி வைத்திருக்கலாமா? (மாங்குளம்)

தாராளமாக வைத்திருங்கள். பழுது ரோச்சில் இல்லை. கடும் குளிரில் லித்தியம் பற்றரியின் உள்தடை கூடிவிடும். முழு வெளிச்சத்தில் எரியவிட்டதும் மின்னழுத்தம் சட்டென்று விழும். ரோச்சுக்குள் இருக்கும் சுற்று, பற்றரி இறங்கிவிட்டதென்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைக்கும். சுமை குறைந்ததும் அழுத்தம் ஏறும், வெளிச்சமும் ஏறும், திரும்ப விழும். தம்பி கண்ட துடிப்பு இதுதான். இனி வாங்கினால் தேவைப்படும்வரை பற்றரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். குறைந்த வெளிச்சத்தில் பாவித்தாலும் துடிப்பு நிற்கும். பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது, பற்றரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். வன்னியின் மார்கழிக் குளிர் லித்தியம் பற்றரியை ஒன்றும் செய்யாது.

கே: வயலில் யானைக் காவல். விடியப்புறப் பனிக்குள் ரோச் விட்டுவிட்டு எரிகிறது. தட்டினால் சரிவரும். குளிர்தான் காரணமா? (ஒட்டுசுட்டான்)

இல்லை. தட்டிச் சரிவந்தால் எங்கோ தொடுப்பு விடுகிறது. பின்மூடியைக் கழற்றிப் புரியைப் பாருங்கள். பல ரோச்சுகளில் மின்சாரம் அந்தப் புரி வழியாகவும் குழாயின் விளிம்பு வழியாகவும்தான் ஓடுகிறது. பனி ஈரமும் கைவியர்வையும் வயல் தூசியும் சேர்ந்து அதில் கறுப்பாகப் படிந்திருக்கும். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, புரி, விளிம்பு, ஸ்பிரிங், பற்றரியின் இரு முனை எல்லாம் துடையுங்கள். நன்றாகக் காயவிட்டு இறுக்கிப் பூட்டுங்கள்.

அப்புறமும் துடித்தால் பின்மூடி இல்லாமல், பற்றரியின் அடியையும் குழாயின் விளிம்பையும் சின்னச் செப்புக் கம்பியால் தொடுத்துப் பாருங்கள். சீராக எரிந்தால் பின்மூடியில் உள்ள சுவிற்ச்தான் பழுது. அதை மட்டும் மாற்றலாம், புது ரோச் தேவையில்லை. குறைந்த வெளிச்சத்தில் சீராகவும் கூடிய வெளிச்சத்தில் துடித்தும் எரிந்தால் பற்றரியைச் சந்தேகியுங்கள். சரிபார்த்து முடியும்வரை இந்த ரோச்சை மட்டும் நம்பிக் காவலுக்குப் போகாதீர்கள். யானை முன்னால் நிற்கும்போது வெளிச்சம் போனால் உயிர்தான் போகும்.

கே: நாலு பென்ரோச் பற்றரி போடும் தலை லைற். இரண்டு புதிது, இரண்டு பழையது. ஏன் மங்குகிறது? (விசுவமடு)

அதனால்தான். நாலையும் ஒன்றாக மாற்றுங்கள்.

கே: இரவில் மான் வேட்டைக்கு எந்த லைற் நல்லது? (ஊர் குறிப்பிடவில்லை)

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கே: சந்தையில் 9900 எம்.ஏ.எச். என்று போட்ட 18650 பற்றரி வாங்கினேன். ஒரு மணித்தியாலம்கூட எரியவில்லை. ரோச் பழுதா? (துணுக்காய்)

ரோச்சைக் குறை சொல்லாதீர்கள், அந்த எண்தான் பொய். எம்.ஏ.எச். என்பது பற்றரி கொள்ளும் மின்னின் அளவு. 18650 என்றால் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த அளவுக்குள் நல்ல கம்பனிப் பற்றரிகளே பெரும்பாலும் 3500 எம்.ஏ.எச். வரைதான் கொள்ளும். 9900 என்று அச்சடித்தவனுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் அச்சடிக்கிறான், நாங்கள் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவோம் என்று. நான் ஒரு கடையில் வாங்கிய சோடியும் இப்படித்தான்: உறையில் 9900, தராசில் வைத்தால் ஒன்று 30 கிராமும் வரவில்லை. நல்லதொன்று 45 கிராம் அளவில் இருக்கும். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், ஆகவே வாங்குமுன் தூக்கிப் பாருங்கள். காசை இழப்பதோடு இது முடிவதில்லை. தரமற்ற பற்றரி சார்ஜில் கிடக்கும்போது சூடேறித் தீப்பிடிக்கலாம். பிள்ளைகள் படுக்கும் அறையில் சார்ஜ் போடாதீர்கள். ஒரு கொட்டிலும் ஒரு போக நெல்லும் எரிந்துபோனால் அந்த வியாபாரி வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை.

கே: இது மூன்றாவது ரோச். "ஒரு லட்சம் லூமன்" என்றார்கள். பில் இல்லை, பெட்டியையும் எறிந்துவிட்டேன். காசைத் திரும்ப எடுக்கலாமா? (கிளிநொச்சி)

மூன்று முறையும் பில் கேட்கவில்லை என்றால் எதை வைத்து எடுப்பது? லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. உள்ளங்கைக்குள் அடங்கும் ரோச் ஒரு லட்சம் லூமன் தராது. நாலாவதை வாங்குமுன் பில்லைக் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், அது சட்டம்.

கே: மகனுக்கு ஆறு மாத உத்தரவாதத்தோடு ரோச் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் நின்றுவிட்டது. "தண்ணீர் போயிருக்கு" என்று கடையில் திருப்பிவிட்டார்கள். தண்ணீரில் விழவே இல்லை. பில்லும் அட்டையும் இருக்கின்றன. (நெடுங்கேணி)

அம்மா, நியாயம் முழுக்க உங்கள் பக்கம். மறுத்ததை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால் போன திகதியையும், யார் என்ன சொன்னார் என்பதையும் நீங்களே எழுதி வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். ஆனாலும் எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதே நல்லது. அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், ஆகவே கடைக்கு நடந்து நடந்து நாளைக் கடத்தாதீர்கள். பில், அட்டை இரண்டிலும் பிரதி எடுத்துக் கொடுங்கள். மூலப் பிரதியைக் கடைக்காரர் கேட்டாலும் கையைவிட்டு விடாதீர்கள்.