மலேசியாவின் பல்லுயிர் வளம் இன்று எந்த நிலையில் இருக்கிறது? அதைக் காக்க உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. சட்டம் இருக்கிறது, காவலுக்கு ஆளும் இருக்கிறார்கள். காட்டை வெட்டாமல் விட்டால் மாநிலத்துக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குத்தான் இன்னும் சரியான விடை இல்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்து, வார இறுதிகளில் மலையேறிப் பழகியவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உயிரின வளம் மிகுந்த 17 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஆனால் நம் நாட்டுச் சின்னத்தின் இரு பக்கமும் நிற்கும் புலி, காட்டில் இன்று 150-க்கும் குறைவு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் தெரியவந்தது இது. 1950களில் சுமார் 3,000 இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். சுமத்திரா காண்டாமிருகம் நம் நாட்டில் அடியோடு போய்விட்டது. சபாவில் பராமரிப்பில் இருந்த கடைசிப் பெண் காண்டாமிருகம் இமான், 2019 நவம்பர் 23 அன்று இறந்தது. செய்தியில் பார்த்த என் மகள், "இனிமே நம்ம நாட்டுல ஒண்ணுகூட இல்லையாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புலியைக் கொல்வதில் பெரும் பங்கு கம்பிக் கண்ணிக்கு. மானுக்கு வைத்தாலும் பன்றிக்கு வைத்தாலும் எந்தக் கால் படுகிறதோ அதை இறுக்கும். இதைத் தடுக்க 2019 முதல் போலீசும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் சேர்ந்து காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். முன்னாள் இராணுவத்தினரும் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களும் காவலர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, அபராதம் 1 மில்லியன் ரிங்கிட் வரை உயர்ந்தது. இதெல்லாம் நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன்.

ஆனால் காடே இல்லாத இடத்தில் காவலர் எதைக் காப்பார்? நாட்டில் பாதிக்குமேல் காடாகவே இருக்கும் என்று 1992-இல் ரியோ மாநாட்டில் வாக்குக் கொடுத்தோம். கணக்குப்படி அது காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் காப்புக்காட்டுக்குள் இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு, மரத்துக்காக வரிசையாக நடும் ரப்பரும் அந்தக் கணக்கில் காடுதான். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தான் வேலை செய்த இடத்தைப் "பால்காடு" என்பார், அதற்கு அப்பால் மலையில் இருந்ததைப் "பச்சைக்காடு" என்பார். இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. அரசுக் கணக்கிலும் அந்த இரண்டும் தனித்தனியாக வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முடிச்சு எங்கே என்றால், அரசியலமைப்புப்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கின்றன. உலக மாநாட்டில் கையெழுத்துப் போடுவது கூட்டரசு, வெட்டுமர உரிமம் கொடுத்து வருமானம் பார்ப்பது மாநிலம். எங்கள் வீட்டுக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு சுத்திகரிக்க எடுக்கும் நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். கெடாவின் நெல்வயல்களுக்கும் அந்தக் காட்டுத் தண்ணீர்தான். அங்கே வெட்டுமர லாரி ஏறினால் இங்கே எனக்குக் கவலை வரவேண்டும். தண்ணீருக்குக் கட்டணம் கொடு என்று கெடா பலமுறை கேட்டும் பினாங்கு மறுத்தே வந்திருக்கிறது. நான் பினாங்குக்காரன். ஆனாலும் அந்தப் பணம் காட்டை வெட்டாமல் வைப்பதற்கென்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பதே நியாயம் என்று நினைக்கிறேன்.

கூட்டரசும் இந்த வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு நிதி கொடுக்கும் திட்டம் 2019 பட்ஜெட்டில் 60 மில்லியன் ரிங்கிட்டில் ஆரம்பித்து, 2025 பட்ஜெட்டில் 250 மில்லியனுக்கு வந்திருக்கிறது. எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது இதுதான்.

பினாங்கில் என்ன நடக்கிறது என்று கேட்டால், கொடிமலையும் (பினாங்கு ஹில்) அதைச் சுற்றிய காடும் கடலுமாக 12,481 ஹெக்டேர், 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. எனக்கு அதைவிட நெருக்கமானது தெலுக் பஹாங் சாலைக்கு மேலே கட்டிய ஒரு சின்னப் பாலம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள லோத்தோங் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகும். லங்கூர் புராஜெக்ட் பினாங்கு அமைப்பினர் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி, 2019-இல் மரத்துக்கு மரம் கட்டிவிட்டார்கள். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு தாய் அதில் நடந்து போனதைப் பார்த்தேன். லோத்தோங் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தூரத்திலேயே தெரியும்.

பாலிக் பூலாவ் டுரியனையும் சொல்லியாக வேண்டும். டுரியன் இரவில் பூக்கிற மரம். அதற்கு மகரந்தம் சுமப்பதில் பெரும்பங்கு வௌவாலுக்கு, குறிப்பாகக் குகையில் வாழும் தேன்வௌவாலுக்கு. டுரியன் பூவோ கொஞ்ச நாள்தான். மற்ற மாதங்களில் வௌவால் பசியாறுவது கடலோரச் சதுப்பில் நிற்கும் பெரெம்பாங் போன்ற மரங்களின் பூவில். ஆக, கரையோரச் சதுப்புக்காட்டை அழித்தால் மலையில் காய் குறையும். பூவைத் தின்றுவிடுகிறது என்று எண்ணி வௌவாலுக்கு வலை கட்டுகிற தோட்டக்காரர்களும் உண்டு. பினாங்கு கரையோர மீனவர்கள் 1990களிலிருந்து தங்கள் கையாலேயே சதுப்புக்காட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். மீனுக்காக நடுகிறார்கள், டுரியனுக்கும் சேர்த்து நடக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், தண்ணீர்மலைக்கு வரும்போது குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்காதீர்கள், ஆளைத் தேடி வரப் பழகிய குரங்கைப் பிறகு தொல்லை என்று பிடித்துக்கொண்டு போவார்கள். காட்டில் கம்பிக் கண்ணியைப் பார்த்தாலோ, எங்காவது காட்டு விலங்கு இறைச்சி விற்றாலோ, இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானின் 1-800-88-5151 எண்ணுக்கு அழையுங்கள்.