ஆர்.சி. மாறியது, இன்சூரன்ஸ் மாறவில்லை

கேள்வி: ஜூன் மாதம் ஒரு புரோக்கர் மூலம் பழைய கார் ஒன்றை 4,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். பேப்பர் வேலைக்கு என்று 6,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார். ஆர்.சி. ஒரு மாதத்துக்குள் என் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் மட்டும் விற்றவர் பெயரில் அடுத்த மார்ச் வரை இருந்தது. "ஃபுல் இன்சூரன்ஸ் சார், ரினியூவல் போடும்போது பேரை மாத்திக்கலாம்" என்றார் புரோக்கர். ஆகஸ்ட் கடைசியில் அவிநாசி அருகே ஒரு ஸ்கூட்டரில் மோதி, தடுப்புச்சுவரில் இடித்துவிட்டேன். ஸ்கூட்டரில் வந்தவருக்குக் கால் முறிவு. பக்கத்து சீட்டில் இருந்த என் மச்சானுக்கு லேசான அடி. ஒர்க் ஷாப்பில் 1,85,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். கம்பெனி கிளெய்மை நிராகரித்துவிட்டது. பிரீமியம் கட்டிய பாலிசி நடப்பில் இருக்கும்போது இப்படிச் செய்யலாமா? ஸ்கூட்டர்காரர் கேஸ் போட்டால் நான் கையிலிருந்து கட்ட வேண்டுமா? என் பழைய பைக்கையும் அதே புரோக்கரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் ஏதாவது வில்லங்கம் வருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பல்லடம்)

பதில்: நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டர்காரருக்கான நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். உங்கள் கார் ரிப்பேர் செலவைப் பொறுத்தவரை, கம்பெனியின் நிராகரிப்பு பெரும்பாலும் சட்டப்படி நிற்கும். ஒரே பாலிசியில் இரண்டு விதமான பதில் ஏன் என்று உங்களுக்குக் கோபம் வரலாம்.

கையில் இருக்கும் பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். பிரீமியம் கணக்கு இரண்டு கட்டங்களாக இருக்கும். ஒன்று ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கே வரும் சேதம். இன்னொன்று லயபிலிட்டி, அதாவது தேர்டு பார்ட்டி: உங்கள் வண்டியால் மூன்றாம் நபருக்கு வரும் பாதிப்பு. நாம் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்வது இந்த இரண்டையும் சேர்த்து அடித்த ஒரே தாள். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். தேர்டு பார்ட்டி வண்டியோடு போகும். ஓன் டேமேஜ் ஆளோடு நிற்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 157-ஆவது பிரிவு, வண்டி கைமாறிய தேதியிலிருந்தே காப்பீட்டுச் சான்றிதழும் பாலிசியும் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதாகக் கருத வேண்டும் என்கிறது. இதைப் படித்துவிட்டு "சட்டமே என் பக்கம் இருக்கிறதே" என்று வருபவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பிரிவு இருக்கும் அத்தியாயம் முழுவதும் மூன்றாம் நபர் காப்பீட்டைப் பற்றியது. கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தானாக மாறுவது மூன்றாம் நபர் பொறுப்பு மட்டுமே, வண்டியின் சொந்தச் சேதத்துக்கு, வாங்கியவரும் கம்பெனியும் புதிதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் அதே பிரிவு, வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றச் சொல்கிறது. "ரினியூவல் போடும்போது பார்த்துக்கலாம்" என்ற புரோக்கர் வாக்கு இந்த 14 நாளைத்தான் விழுங்கிவிட்டது.

இதில் கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பிரீமியம் விற்றவரின் பழைய கணக்கைப் பார்த்துப் போட்டது. என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ்) என்ற வரியில் 20-லிருந்து 50 சதவீதம் வரை ஏதாவது ஒரு தள்ளுபடி கழிந்திருக்கும். கிளெய்ம் எடுக்காமல் ஓட்டியதற்காக அவருக்குக் கிடைத்த சலுகை அது. காரோடு சேர்த்து உங்களுக்கு விற்க முடியாது. முறையாகப் பெயர் மாற்றியிருந்தால் அந்த வித்தியாசத்தை உங்களிடம் வசூலித்துவிட்டுத்தான் பாலிசியை உங்கள் பெயருக்குத் தந்திருப்பார்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ஆர்.சி. மாறாமல் இருந்திருந்தால் நிலைமை வேறு. 2020-இல் சுரேந்திர குமார் பிலாவே வழக்கில், வண்டியை விற்றதாக ஒப்பந்தம் இருந்தாலும் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆர்.சி.யை ஒழுங்காக மாற்றியவர் மாட்டிக்கொண்டார், மாற்றாதவர் தப்பித்தார். எனக்கே இது கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கேள்விப்பட்டு யாராவது "பழைய ஓனரிடம் முன்தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்" என்று யோசனை சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். பெயர் மாறிய தேதி "வாகன்" என்ற அரசு வாகனப் பதிவுக் கணினியில் இருக்கிறது. கிளெய்ம் கிடைக்காதது ஒரு நஷ்டம். மோசடி வழக்கு அதைவிடப் பெரிய நஷ்டம்.

அப்போது 1,85,000 ரூபாய்க்கு வழியே இல்லையா? இரண்டு இடத்தில் தேடலாம். முதலாவது, 14 நாளுக்குள் நீங்களோ புரோக்கரோ கம்பெனிக்கோ அதன் ஏஜென்டுக்கோ பெயர் மாற்றக் கேட்டு மெயில், விண்ணப்பம், பணம் என்று ஏதாவது அனுப்பியிருந்தீர்களா? ஒரு தாள் கிடைத்தாலும் உங்கள் வழக்கு வேறு வழக்கு. அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் நிராகரித்த ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இரண்டாவது புரோக்கர். எனக்கு நம்பிக்கை இருப்பது இதில்தான். "பேப்பர் வேலைக்கு" என்று 6,000 வாங்கியிருக்கிறார். அந்தப் பேப்பர் வேலையில் இன்சூரன்ஸும் சேர்த்தி என்பதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி, ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தால்கூட, காசு வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யவில்லை, அதற்கு மேல் தவறான யோசனையும் சொன்னார் என்று சேவைக் குறைபாட்டு வழக்குப் போடலாம். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பணம் அனுப்பிய ரசீது, சாட் எல்லாவற்றையும் இன்றே பிரிண்ட் எடுத்து வையுங்கள். போனில் அவரிடம் சண்டை போட்டு, அவர் மெசேஜை அழிக்கும்படி செய்துவிடாதீர்கள்.

சரி, ஸ்கூட்டர்காரர் விஷயம். அவர் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடுவார். எதிர்மனுதாரர்களாக உங்களையும் கம்பெனியையும், ஒருவேளை பழைய ஓனரையும் சேர்ப்பார்கள். உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை. அவர் ஸ்கூட்டரின் சேதமும் தேர்டு பார்ட்டியிலேயே வரும். பொருள் சேதத்துக்கான வரம்பு பொதுவாக 7,50,000 ரூபாய். ஆகவே பயம் வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். சம்மன் வந்தால் "கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உங்கள் டிரைவிங் லைசென்ஸ் விபத்து நாளில் செல்லுபடியாக இருந்ததா என்பது மிக முக்கியம். காலாவதியாகியிருந்தால், கம்பெனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்ப வசூலிக்க உத்தரவு வாங்க முடியும். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, கார் வாங்கிய ரசீது நான்கையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீல் மூலம் ஆஜராகி எதிருரை தாக்கல் செய்யுங்கள்.

மச்சானுக்கு லேசான அடியோடு போனது நல்லதாயிற்று. காரில் கூட வந்தவருக்கான பாதுகாப்பு சட்டம் கட்டாயமாக்கிய பகுதியில் வராது. ஃபுல் பாலிசி என்ற ஒப்பந்தத்தால் வருவது. ஒப்பந்தமே உங்களிடம் வராதபோது அதற்கும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கும். ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் அப்படியே. பாலிசியிலும் ஆர்.சி.யிலும் ஒரே பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். ஜூலையிலிருந்து நீங்கள் அந்தப் பாதுகாப்பு இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறீர்கள். கார் ஒர்க் ஷாப்பை விட்டு வெளியே வருவதற்கு முன்பே உங்கள் பெயரில் புதுப் பாலிசி போட்டுவிடுங்கள், மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். வண்டியைச் சோதித்துப் போட்டோ எடுத்த பிறகுதான் தருவார்கள்.

அப்புறம் அந்த பைக். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். வண்டியைக் கைமாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கொடுத்திருப்பீர்கள். அது யார் கையில் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. 2018-இல் நவீன் குமார் வழக்கில் ஒரு வண்டி பல கைகள் மாறியிருந்தது, பதிவு மட்டும் முதல் ஆள் பெயரிலேயே கிடந்தது. விபத்து நஷ்டஈட்டுக்கு அந்த முதல் ஆளையே உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் பைக் நம்பரைப் போட்டு, இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புரோக்கரிடம் வாங்கியவரின் பெயர், முகவரி, அடையாளச் சான்று நகல் கேட்டு வாங்குங்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமை; காலம் கடந்திருந்தாலும் விற்ற விவரத்தை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதே செயலியில் பைக்கின் இன்சூரன்ஸ் முடியும் தேதியும் தெரியும். பெயர் மாறுவதற்குள் அந்தத் தேதி வந்துவிட்டால், ஓட்டுவது யாராக இருந்தாலும் தேர்டு பார்ட்டி பிரீமியத்தை நீங்களே கட்டிவிடுங்கள்.