காக்கி போட்டவரெல்லாம் போலீஸ் இல்லை

கேள்வி: மகன் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் போய்க் கோவையில் ஒரு கல்லூரியில் படிக்கிறான். போன வாரம் காக்கிச் சட்டை போட்ட 'கேம்பஸ் போலீஸ்' அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் அறையில் பூட்டி வைத்தார்களாம். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தப் போலீஸே உண்டு. ஆனால் உங்கள் மகன் பார்த்தது தனியார் செக்யூரிட்டி ஆட்கள். 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் (ஒழுங்குமுறை) சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜென்சி அனுப்புபவர்கள். போலீஸ் சீருடை மாதிரி உடுத்தினால் காவலாளிக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும் (பிரிவு 21).

பையைக் காட்டச் சொல்லலாம். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம். அவ்வளவுதான். போனைப் பறிக்கவோ, அதன் லாக்கைத் திறக்கச் சொல்லவோ முடியாது.

பிடித்து வைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (கைது, விசாரணை நடைமுறைகளைச் சொல்லும் சட்டம்) பிரிவு 40 பொதுமக்களில் எவருக்கும் தரும் கைது அதிகாரம்தான் காவலாளிக்கும். தன் கண்ணெதிரே, ஜாமீன் கிடைக்காத, வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்க வேண்டும். அல்லது பிடிபட்டவர் கோர்ட் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியாக இருக்க வேண்டும். பிடித்ததும் வீண் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 'ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்' என்று சூப்பர்வைசர்கள் இதைத் திரித்துப் படிப்பதுண்டு. ஐ.டி. கார்டு இல்லை, வாய்த்தகராறு என்பதற்கெல்லாம் அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம்) பிரிவு 127இன் கீழ் குற்றம்.

புகாரைக் கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். எல்லை கடந்த சம்பவம் என்று திருப்பி அனுப்பக் கூடாது; சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173 படி ஜீரோ எஃப்.ஐ.ஆர். (சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டுக் கோவைக்கு அனுப்ப வேண்டும். விசாரணை அங்கேதான் நடக்கும். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு முன், இன்றே, அந்த நேரத்து சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள். சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

கேள்வி: நிஜப் போலீஸ் கல்லூரிக்குள் வர முதல்வர் அனுமதி வேண்டாமா? (சித்தூர் வாசகர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: சட்டத்தில் அப்படி இல்லை. சொல்லிவிட்டு வருவது வழக்கம், அவ்வளவே. கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், பொறுப்பில் இருப்பவர் கதவைத் திறந்துவிட வேண்டும் (சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 44). ராகிங்கில் கடமை கல்லூரிக்குத்தான்: யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிகளின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அவர்களே போலீஸில் புகார் பதிய வேண்டும்.