ரூட்டருக்குள் 4ஜி கார்டு: வாங்குவதற்கு முன், மாட்டும்போது, மாட்டிய பிறகு

கேள்வி: வீட்டு ஃபைபர் அடிக்கடி அறுந்துபோகிறது. ரூட்டருக்குள் ஒரு மினி பிசிஐஇ ஸ்லாட் காலியாக இருக்கிறது. அதில் 4ஜி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். "எந்தக் கார்டும் பொருந்தும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: பொருந்தும். வேலை செய்யுமா என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. அந்த ஸ்லாட்டில் 52 பின்கள் உண்டு. வைஃபை கார்டு அதிலுள்ள பிசிஐஇ தடங்களைப் பயன்படுத்தும். 4ஜி கார்டு உருவத்தில் அதே மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் அதே ஸ்லாட்டில் உள்ள யூஎஸ்பி தடங்கள் வழியாகத்தான் பேசும். சிம்முக்கும் தனியாகச் சில பின்கள் உண்டு. செலவைக் குறைக்க, வைஃபைக்குத் தேவையான தடங்களை மட்டும் இழுத்துவிட்டு மற்றதை விட்டுவிடும் போர்டுகள் நிறைய. அப்படிப்பட்ட ஸ்லாட்டில் 4ஜி கார்டு கச்சிதமாக உட்காரும், திருகும் பிடிக்கும், ரூட்டருக்கு மட்டும் அது இருப்பதே தெரியாது. இன்னொரு பொறியும் உண்டு: எஸ்எஸ்டி போடும் எம்சாட்டா ஸ்லாட்டும் பார்வைக்கு அச்சு அசல் இதேதான்.

எனவே முதலில் போர்டைப் பாருங்கள். அதிலேயே சிம் போடும் கூடு இருந்தால் நல்ல அறிகுறி. இரண்டு ஸ்லாட் இருந்தால் சிம் கூடு எதோடு இணைந்திருக்கிறது என்பதை ரூட்டர் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள பிளாக் வரைபடத்தில் பார்க்கலாம். மைக்ரோடிக் போன்ற ரூட்டர் தயாரிப்பாளர்கள் இதை மாடல் வாரியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மாடலின் விவரத்தில் "யூஎஸ்பி", "சிம்" என்ற இரண்டு சொற்களும் ஸ்லாட்டோடு சேர்த்துச் சொல்லப்படவில்லை என்றால் கார்டு வாங்காதீர்கள்.

அளவையும் கவனியுங்கள். முழு நீளக் கார்டு 30க்கு 51 மில்லிமீட்டர். பாதி நீள ஸ்லாட்டில் திருகுத்தூண் வேறு இடத்தில் இருக்கும், கார்டு படுக்காது. எம்.2 வகைக் கார்டு என்றால் சாக்கெட்டே வேறு. அடாப்டர் போட்டு ஒட்டவைப்பவர்கள் உண்டு, ஆனால் ரூட்டர் மூடியை மூட முடியாமல் போகும்.

கேள்வி: ஆன்லைனில் க்வெக்டெல் இசி25 என்ற 4ஜி கார்டைத் தேடினால் ஒரே படத்தோடு பல விலையில் வருகிறது. மலிவானதை எடுத்தால் என்ன?

பதில்: பெயருக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இசி25-ஏ என்பது அமெரிக்க அலைவரிசைகளுக்கானது: பேண்ட் 2, 4, 12. நம்மூரில் எந்த நிறுவனமும் 4ஜியை அந்த அலைவரிசைகளில் தருவதில்லை. சிம் போட்டால் கார்டு ஒழுங்காகத் தேடிக்கொண்டே இருக்கும், எதுவும் கிடைக்காது. இசி25-இ என்றால் பேண்ட் 1, 3, 5, 7, 8, 20, 38, 40, 41.

இதை உங்கள் சிம்மோடு ஒப்பிடுங்கள். ஜியோவின் 4ஜி பேண்ட் 3, 5, 40. ஏர்டெல் பேண்ட் 1, 3, 8, 40. இந்த இரண்டுக்கும் இசி25-இ போதும். பிஎஸ்என்எல் 4ஜிதான் சிக்கல்: அது பேண்ட் 1 தவிர 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 28லும் வருகிறது. சுவர் தாண்டி, தூரம் தாண்டி வருவது இந்தத் தாழ்ந்த அலைவரிசைதான். இசி25-இயில் அது இல்லை. ஊருக்கு வெளியே பிஎஸ்என்எல் மட்டுமே எடுக்கிற இடம் என்றால் இபி06-இ மாதிரி பேண்ட் 28 உள்ள கார்டைத் தேடுங்கள். அது கேட்டகரி 6, உச்சத்தில் 300 மெகாபிட். இசி25 கேட்டகரி 4, 150 மெகாபிட். இரண்டுமே ஆய்வக எண்கள்தான், மாலை 8 மணிக்கு டவரில் கூட்டம் கூடும்போது இவற்றுக்குப் பொருள் இல்லை. வேகத்துக்காக அதிகப் பணம் தருவதைவிட பேண்டுக்காகத் தருவது மேல்.

உங்கள் இடத்தில் எந்த பேண்ட் எடுக்கிறது என்று தெரிய, அதே சிம்மைப் போனில் போட்டு, நெட்வொர்க் விவரம் காட்டும் இலவச ஆப் ஒன்றை வைத்து ரூட்டர் இருக்கப்போகும் இடத்திலேயே பாருங்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளறையில் ரூட்டரை வைத்தால் கணக்கு தப்பும்.

ரூட்டரின் மென்பொருளுக்கும் அந்தக் கார்டைத் தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோடிக் என்றால் அவர்கள் தரும் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான இலவச மென்பொருள்) என்றால் 4ஜி கார்டோடு பேச உதவும் க்யூஎம்ஐ டிரைவர் பொதிகளை முன்கூட்டியே நிறுவிவிடுங்கள். ஃபைபர் அறுந்த பிறகு அவற்றை எதன் வழியாக இறக்குவது?

கேள்வி: மாட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஆன்டெனா எத்தனை வேண்டும்?

பதில்: முதலில் கடைப்பட்டியல். கார்டு ஒன்று. யூ.எஃப்.எல் முனையிலிருந்து (கார்டில் மாட்டும் சிறியது) எஸ்எம்ஏ முனைக்கு (ஆன்டெனாவைத் திருகுவது) வரும் மெல்லிய பிக்டெய்ல் ஒயர் இரண்டு, 15 முதல் 20 செ.மீ. நீளம். 4ஜி ஆன்டெனா இரண்டு. 2 மி.மீ. திருகு (எம்2 அளவு) இரண்டு (ரூட்டரோடு பெரும்பாலும் வராது). நீளமான பிக்டெய்ல் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள்: அந்த ஒயரில் மீட்டருக்குச் சுமார் 4 டெசிபல் இழப்பு. 3 டெசிபல் போனாலே சிக்னல் பாதியாகிவிடும்.

ஆன்டெனா வாங்கும்போது முனையை உற்றுப் பாருங்கள். 4ஜி ஆன்டெனாவின் எஸ்எம்ஏ முனையில் நடுவே ஊசி இருக்கும். வைஃபை ஆன்டெனாவில் இருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ, நடுவே ஓட்டை. மரை இரண்டிலும் ஒன்றுதான். வைஃபை ஆன்டெனாவை எஸ்எம்ஏ பிக்டெய்லில் திருகினால் இறுக்கமாகவே நிற்கும், ஆனால் ஓட்டைக்கு எதிரே ஓட்டை. உள்ளே ஒன்றையொன்று தொடவே தொடாது.

இனி வேலை. மின் அடாப்டரைப் பிடுங்குங்கள். அதோடு நெட்வொர்க் கேபிள்களையும் பிடுங்குங்கள், ஏனென்றால் பிஓஇ வைத்திருந்தால் அந்தக் கேபிள் வழியாகவே மின்சாரம் வந்துகொண்டிருக்கும். போர்டைத் தொடும் முன் பெயின்ட் இல்லாத உலோகக் குழாயையோ எர்த் உள்ள இரும்பையோ ஒரு முறை தொடுங்கள். எஸ்எம்ஏ முனைக்குப் பெட்டியில் துளை இல்லையென்றால் 6.5 மி.மீ. டிரில் போதும். ஆனால் போர்டைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டுத்தான் துளைக்க வேண்டும். துகள் உள்ளே விழுந்தால் அப்புறம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிக்டெய்லைக் கார்டில் பொருத்துவதை மேசைமேல் வைத்தே செய்துவிடுங்கள். ஸ்லாட்டில் மாட்டிய பிறகு அழுத்தினால் கார்டு வளையும். யூ.எஃப்.எல் முனையை நேர் மேலே வைத்து விரல் நகத்தால் அழுத்தினால் சிறு 'டக்' கேட்கும். சாய்த்து அழுத்தினால் நடு ஊசி நசுங்கும். இந்த முனை சுமார் 30 முறை கழற்றி மாட்டத்தான் வடிவமைக்கப்பட்டது, எனவே சும்மா கழற்றிப் பார்க்க வேண்டாம். இசி25 கார்டில் மூன்று முனை இருக்கும்: மெயின், டைவர்சிட்டி, ஜிஎன்எஸ்எஸ். முதல் இரண்டுக்குத்தான் ஆன்டெனா, மூன்றாவது ஜிபிஎஸ்ஸுக்கு. ஒரே ஆன்டெனாதான் இருக்கிறதென்றால் அது மெயினில் போக வேண்டும். டைவர்சிட்டி முனை சிக்னலைக் கேட்கும், பேசாது.

கார்டைச் சுமார் 30 டிகிரி சாய்த்து ஸ்லாட்டில் தள்ளுங்கள். தங்க நிறக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போக வேண்டும். பிறகு படுக்கவைத்துத் திருகுங்கள். தங்கக் கோடு வெளியே தெரிகிற நிலையில் திருகினால் படுக்க மறுக்கும். அங்கே பலம் காட்டினால் உடைவது ஸ்லாட். சிம்மையும் மின்சாரம் இல்லாதபோதே போடுங்கள். நானோ சிம்மை அட்டைச் சட்டத்தில் வைத்துப் பெரிய கூட்டில் தள்ளினால், திரும்ப எடுக்கும்போது சட்டத்தின் விளிம்பு கூட்டின் ஸ்பிரிங்கில் மாட்டிக்கொள்ளும். அளவான பிளாஸ்டிக் சட்டம் வாங்கி, பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டிவிடுங்கள். சிம்மின் ரகசிய எண் பூட்டை (சிம் லாக்) முதலில் போனில் போட்டு நீக்கிவிட வேண்டும். ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஏபிஎன் (4ஜி இணைப்புக்காக ரூட்டர் அமைப்பில் தர வேண்டிய பெயர்): ஜியோவுக்கு "ஜியோநெட்", பிஎஸ்என்எல்லுக்கு "பிஎஸ்என்எல்நெட்". ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

கேள்வி: மாட்டியாயிற்று. சிக்னல் காட்டுகிறது, பக்கங்களும் திறக்கின்றன. பெரிய ஃபைல் இறக்க ஆரம்பித்தால் கார்டு காணாமல் போய் ஒரு நிமிடத்தில் திரும்ப வருகிறது. கார்டு பழுதா?

பதில்: பெரும்பாலும் அடாப்டர். 4ஜி கார்டு சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் மின்சாரம் எடுக்கும். டவருக்கு உரக்கப் பேச வேண்டி வரும்போது 3.3 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். ரூட்டரோடு வந்த அரை ஆம்பியர் அடாப்டர் ரூட்டருக்கு மட்டும் கணக்குப் பண்ணிக் கொடுத்தது. லேபிளில் உள்ள அதே வோல்ட், அதிக ஆம்பியர் (12 வோல்ட் என்றால் 1.5 அல்லது 2 ஆம்பியர்) உள்ளதைப் போட்டுப் பாருங்கள். வோல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். சிக்னல் மோசமாக இருந்தால் கார்டு இன்னும் உரக்கப் பேசும், இன்னும் அதிக மின்சாரம் எடுக்கும். அதனால் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) எண்ணையும் பாருங்கள்: மைனஸ் 80 அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110 என்றால் ஆன்டெனாவை நகர்த்துங்கள்.

மதியம் மட்டும் விழுகிறதென்றால் சூடு. இசி25க்கு இயங்கும் வரம்பு 75 டிகிரி. மொட்டைமாடியில் வெயில்படும் மூடிய பெட்டிக்குள் அதைத் தொடுவது கஷ்டமில்லை.

சிக்னல் இருந்தும் நெட்வொர்க்கில் பதிவே ஆகவில்லை என்றால் ஆன்டெனா மெயினில் இல்லாமல் டைவர்சிட்டியில் மட்டும் மாட்டியிருக்கிறதா பாருங்கள். சிம் இல்லை என்று காட்டினால் சிம் கூடு அந்த ஸ்லாட்டுக்கு உரியதில்லை, அல்லது சிம் ஒழுங்காக அமரவில்லை.

கேள்வி: ரூட்டர் தரைத்தளத்தில். சிக்னல் மாடியில்தான். நீள ஒயர் போட்டு ஆன்டெனாவை மேலே கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம். ஆர்ஜி58 ஒயர் 10 மீட்டர் இழுத்தால் 2300 மெகாஹெர்ட்ஸில் சுமார் 10 டெசிபல் போய்விடும். பிடித்ததில் பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். வெளியில் வைக்கும் 4ஜி பெட்டியை மாடியில் பொருத்தி பிஓஇ கேபிளில் கீழே கொண்டுவாருங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை சளைக்காது. உள்ளே கார்டு போடும் யோசனையே உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

கேள்வி: "இந்தியாவில் வேலை செய்யும்" என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் வாங்கினேன். வந்தது இசி25-ஏ. பெட்டியைத் திறந்ததால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பவர். இரண்டாம் கைக் கார்டு வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கார்டு லேபிளின் தெளிவான படம், பில் மூன்றையும் சேர்த்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரூட்டரைத் திறந்ததால் ரூட்டரின் உத்தரவாதம் போகலாம், அது வேறு பிரச்சினை. அதையும் இதையும் விற்பவர் குழப்பினால் பிரித்துப் பேசுங்கள்.

இரண்டாம் கைக் கார்டின் லேபிளில் 15 இலக்க ஐஎம்இஐ (கருவியின் அடையாள எண்) இருக்கும். காசு கொடுக்கும் முன் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடைசெய்யப்பட்டது என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். "எண்ணை மாற்றிக்கொடுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அதைவிட வேகமாக விலகுங்கள்: 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கேள்வி: 4ஜி வழியாக வெளியூரிலிருந்து வீட்டுச் சிசிடிவியைப் பார்க்க முடியுமா?

பதில்: போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் கேமராவுக்குத் திருப்பிவிடுவது) செய்து பார்க்க முடியாது. சாதாரண சிம்முக்குத் தனி ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை, பலருக்கும் பொதுவான ஒன்றின் பின்னால்தான் இருப்பீர்கள். கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகவோ, வெளியிலுள்ள சர்வருக்கு ரூட்டரே விபிஎன் போட்டோ பார்க்கலாம்.