11 வயதுப் பையனின் முதல் மான் வேட்டைக்கு எந்த ரைபிள் வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். 11 வயது மகன் பள்ளி நண்பர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய பழைய .30-06 ரைபிளையே பையனுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். அதை வாங்கிக்கொள்ளலாமா, புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்குவது?

அதை வாங்கிக்கொள்ள வேண்டாம். .243 வின்செஸ்டர் தோட்டா போடுகிற, சிறுவர்களுக்கென்று தோளில் வைக்கும் கட்டையைக் குட்டையாகச் செய்த, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் திறந்து மூடுகிற ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வாங்குங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நானும் இதே மாநிலத்தில்தான் இருக்கிறேன். மதுரைப் பக்கத்துக்காரன், இங்கே என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் வேட்டை கற்றுக்கொண்டேன். என் மகளுக்கும் ஏறக்குறைய இதே வயதில்தான் முதல் ரைபிள் வாங்கினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம், அங்கே அது சரிதான். இங்கே நிலைமை வேறு. மாநில இயற்கை வளத் துறையே உரிமம் கொடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை மான் என்று வரம்பு வைத்து நடத்துகிறது. ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளரிடம் வசூலிக்கிற 11 சதவீத வரி, 1937-இல் வந்த ஒரு சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது. மகள் துப்பாக்கியோடு நிற்கும் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடலாமா என்பது தனிக் கேள்வி. நான் போடவில்லை.

சரி, .30-06 ஏன் வேண்டாம்? அது 1906-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா. இரண்டு உலகப் போர்களில் வளர்ந்த ஆண்கள் தோளில் வாங்கிய உதை அது. 180 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு போட்டால், 8 பவுண்டு எடையுள்ள ரைபிள் சுமார் 20 அடி-பவுண்டு ஆற்றலோடு பின்னால் இடிக்கும். அதே அளவு ரைபிளில் .243 கொடுக்கும் உதை சுமார் 9 அடி-பவுண்டு, பாதிக்கும் கீழே. முப்பத்தைந்து கிலோ இருக்கிற பையனுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

தோள் வலி ஒரு நாளில் போய்விடும், அதைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று முறை நன்றாக உதை வாங்கிய குழந்தை அடுத்த முறை சுடும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும், தோளைச் சுருக்கும், டிரிகரை வெடுக்கென்று இழுக்கும். இதை இங்கே ஃப்ளிஞ்ச் என்பார்கள். ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் விரட்டப் பல மாதம் ஆகும். சிலருக்கு ஆயுள் முழுக்கப் போகாது. ஃப்ளிஞ்ச் வந்தவன் கையில் எவ்வளவு பலமான துப்பாக்கி இருந்தாலும் குண்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது.

என் மகள் கேட்ட முதல் கேள்வி ரைபிளைப் பற்றியது இல்லை. "மானுக்கு வலிக்குமாப்பா?" என்றுதான் கேட்டாள். உங்கள் பையனும் கேட்பான். நெஞ்சுக்கூட்டில், நுரையீரலும் இதயமும் இருக்கிற இடத்தில் பட்டால் மான் கொஞ்ச தூரம் ஓடிச் சில நொடிகளில் விழுந்துவிடும். வயிற்றிலோ காலிலோ பட்டால் மணிக்கணக்கில் அவதிப்படும். ஆகவே குழந்தைக்கு வேண்டியது, பயமில்லாமல் சரியான இடத்தில் சுட முடிகிற துப்பாக்கி. .243 பலம் போதாது என்று கடைகளில் சிலர் சொல்வார்கள். 1955-லிருந்து இந்தத் தோட்டா வெண்வால் மானைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது. விஸ்கான்சின் காட்டில் நூறு கஜத்துக்குள்தான் பெரும்பாலான வாய்ப்புகள் வரும். அந்தத் தூரத்தில் அது தாராளமாகப் போதும்.

அடுத்தது அளவு. காலிபரை (தோட்டாவின் அளவை) விட இதுதான் முக்கியம் என்று நான் சொல்வேன். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு: தீபாவளிச் சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து, "வளர்ற பிள்ளைதானே" என்போம். ரைபிளில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். ஒரு கடையில் விற்பனையாளர் என் மகளிடம் முழு அளவு .308 ஒன்றை நீட்டிய போதும் இதையேதான் சொன்னார், ஆங்கிலத்தில். அவள் அதைத் தூக்கிப் பிடித்த விதத்தைப் பார்த்தாலே போதும்: இடுப்பைப் பின்னால் வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, முன் கை நடுங்கிக்கொண்டு.

கட்டையின் பின் முனையிலிருந்து டிரிகர் வரை உள்ள நீளத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கான ரைபிளில் இது 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். 11 வயதுக்கு 12 முதல் 12.5 அங்குலம் சரியாக வரும். கடையிலேயே பார்க்க ஒரு வழி: கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை நீட்டச் சொல்லுங்கள். விரலின் முதல் கணு டிரிகரைச் சுலபமாகத் தொட வேண்டும். ஆனால் இது தோராயம்தான். தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்தவுடன், கழுத்தை நீட்டாமல் குறுக்காமல் ஸ்கோப்பில் (மேலே மாட்டிய, குறி பார்க்கும் தொலைநோக்கியில்) முழு வட்டம் தெரிகிறதா என்பதே உண்மையான சோதனை. இதைக் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். ஜூலையில் பனியனோடு அளவு பார்த்து வாங்கினால், நவம்பர் குளிரில் தடித்த கோட்டுக்கு மேல் கட்டை ஒரு அங்குலம் நீண்டுவிட்ட மாதிரி இருக்கும்.

ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்றரை, நான்கு அங்குலம் இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் உதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். கட்டை நீளமாக இருந்தால் குழந்தை தலையை முன்னால் கொண்டுபோகும், அப்போதுதான் இந்த அடி விழுகிறது. அளவு சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. ஸ்கோப் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் சாதாரண ஸ்கோப்பை 3-லேயே வைத்துவிடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மானே அகப்படாது, மரப்பட்டைதான் தெரியும்.

இன்னொன்று, எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று பார்த்துவிட்டீர்களா? இரண்டு கையாலும் சின்ன ஓட்டை ஒன்று அமைத்து, தூரத்தில் உள்ள கடிகாரத்தை இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆதிக்கமும் உள்ள பிள்ளைகள் நிறைய. இந்த வயதில் இடத் தோளில் சுடப் பழக்குவது சுலபம், பதினெட்டில் கஷ்டம். அப்படியென்றால் இடக்கை போல்ட் உள்ள ரைபிள்தான் தேட வேண்டும். சிறுவர் அளவில் அது குறைவாகவே கிடைக்கும், முன்பே சொல்லி வையுங்கள்.

மாடல் விஷயத்தில் நான் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன். ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், சாவேஜ் ஆக்ஸிஸின் சிறுவர் மாடல், மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பேண்டம் எல்லாமே நல்லவை. மாஸ்பெர்க்கில் கட்டைக்கு நடுவே ஒரு துண்டைச் செருகி 12-இலிருந்து 13 அங்குலமாக நீட்டலாம். வளர்கிற பிள்ளைக்கு அது வசதி. விலையும் மிரட்டாது. ஒரு எச்சரிக்கை: எடை ரொம்பக் குறைந்ததைத் தேடிப் போகாதீர்கள். துப்பாக்கி இலேசாக ஆக உதை கூடும். ஸ்டாண்டில் (மானுக்காகக் காத்திருக்கும் உயர்ந்த மேடையில்) உட்கார்ந்து தாங்கியில் சாய்த்துச் சுடப் போகிற பையனுக்கு ஆறரை, ஏழு பவுண்டு பாரமே இல்லை. உதையைக் குறைக்கக் குழல் முனையில் மசில் பிரேக் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காதைப் பிளக்கும். குழந்தைகள் உதைக்குப் பயப்படுவதாக நாம் நினைப்பதில் பாதி, உண்மையில் சத்தத்துக்குப் பயப்படுவது. சுட்டுப் பழகும் ரேஞ்சில் காதுக்கு உள்ளே பஞ்சு அடைப்பானும் மேலே காதுக்கவசமும் இரண்டும் சேர்த்துப் போடுங்கள். இதில் காசு பார்க்காதீர்கள்.

ஏன் போல்ட் ஆக்‌ஷன்? போல்ட்டைத் திறந்து வைத்தால் குழலுக்குள் தோட்டா இல்லை என்பது பக்கத்தில் இருக்கிற உங்களுக்கும் கண்ணால் தெரியும். .30-30 லீவர் ஆக்‌ஷன் பார்க்க அழகு, கௌபாய் படத்தில் கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவார்களே, அந்த மாதிரி. உதையும் குறைவுதான். ஆனால் சுடாமல் இறங்க வேண்டுமானால், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும், வெளியே நிற்கும் சுத்தியலைக் கட்டை விரலால் மெல்ல இறக்க வேண்டும். குளிரில் மரத்துப்போன சின்ன விரல் நழுவினால் வெடிக்கும். அதை நான் 11 வயதுக் கையில் கொடுக்க மாட்டேன்.

வயதுக்கு மீறிய வளர்த்தி உள்ள பையன் என்றால் 7எம்எம்-08 ரெமிங்டன் அல்லது 6.5 க்ரீட்மூர் தோட்டாவை யோசிக்கலாம். இரண்டிலும் உதை சுமார் 12, 13 அடி-பவுண்டு. .223 இந்த மாநிலத்தில் மானுக்குச் சட்டப்படி செல்லும், உதையும் இல்லாத மாதிரிதான். ஆனாலும் வேண்டாம். குண்டு சின்னது, கொஞ்சம் பிசகினாலும் மான் காயத்தோடு போய்விடும். அனுபவசாலிக்குச் சரி, புதியவனுக்குக் கூடாது. வேறு மாநிலத்தில் இருந்து படிப்பவர்கள் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். வர்ஜீனியாவில் .223 மானுக்குச் செல்லாது. ஒஹாயோவில் ரைபிள் என்றால் கழுத்துக் குறுகாத, நேரான உறை உள்ள தோட்டாக்களுக்கு மட்டுமே அனுமதி. அங்கே .243-உம் கிடையாது; 2019-இல் வந்த .350 லெஜெண்ட் பார்க்கலாம்.

இப்போது நம் ஆட்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. நீங்கள் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவே உங்களுக்கு அனுமதி இல்லை. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அந்த உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. குடியேற்ற விவகாரத்தில் விளையாடாதீர்கள், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பையன் இங்கே பிறந்த குடிமகன் என்பதால் அவன் பெயரில் வாங்கலாமே என்றும் நினைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கடை ரைபிள் விற்காது. பெற்றோர் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது சட்டப்படி சரி. துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டில், சாவி உங்களிடம்.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த யாரும் இங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த பிறகே உரிமம் வாங்கலாம். வகுப்பு முடிக்காமல், வழிகாட்டியோடு போகும் முறையும் உண்டு. அப்போது வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் பையன் வயதுக்கு அந்த வழிதான். ஆனாலும் நீங்களும் அவனும் சேர்ந்து வகுப்புக்குப் போங்கள் என்பேன். பக்கத்து வீட்டுக்காரரை நம்பிப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவாக இருக்காதீர்கள்.

வழக்கமான சீசன் வரும் நவம்பரில் கூட்டம் அதிகம், முதல் வேட்டைக்கு அது வேண்டாம். அக்டோபர் தொடக்கத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு வாரக் கடைசி விடுகிறார்கள். குளிர் குறைவு, காட்டில் ஆளும் குறைவு. அதற்கு முன் கோடை முழுக்க .22 ரைபிளில் பழக்குங்கள். தோட்டா மலிவு, உதை இல்லை, சத்தம் குறைவு. .243-ஐ எடுக்கும் நாளில் ஐந்து தோட்டாவுக்கு மேல் வேண்டாம். இன்னும் வேண்டும் என்று அவன் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். நடுநடுவே அவனுக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள். வெடிக்காத துப்பாக்கியில் குழல் முனை துள்ளினால் ஃப்ளிஞ்ச் தொடங்கிவிட்டது, மறுபடி .22-க்குப் போங்கள். காட்டில் உட்காரப் போகிற அதே நிலையில் உட்கார்ந்து, ஒரு காகிதத் தட்டில் ஐந்துக்கு ஐந்து எந்தத் தூரத்தில் அடிக்கிறானோ, அதுதான் அவனுடைய எல்லை. ஐம்பது கஜம் என்றால் ஐம்பது கஜம்தான்.

தோட்டா வாங்கும்போது பெட்டியைப் படித்து வாங்குங்கள். .243-இல் 55, 58 கிரெய்ன் குண்டுகளும் வரும். அவை நரி, மர்மோட் போன்ற சின்ன விலங்குகளுக்கானவை. தோலிலேயே சிதறிவிடும், மானுக்கு ஆகாது. ஈயக் குண்டு என்றால் 95 அல்லது 100 கிரெய்ன். நான் வாங்குவது 80 கிரெய்ன் செம்புக் குண்டு. ஈயத் துகள் காயத்தைத் தாண்டி இறைச்சியில் பரவும், அதைச் சாப்பிடப் போவதும் நம் பிள்ளைகள்தானே. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே வகையில் நான்கைந்து பெட்டியை வெயில் காலத்திலேயே வாங்கி வைத்து, அதிலேயே ஸ்கோப்பைச் சரி செய்துகொள்ளுங்கள். சீசன் நெருங்கினால் கடையில் .243 இருக்காது. இருப்பதை வாங்கிப் போட்டால் குண்டு விழும் இடம் மாறிவிடும்.