கடைசி இரண்டு தூக்கல்: தசைப் பயிற்சிக் கேள்வி பதில்

கிளிநொச்சியில் ஒரு சின்ன ஜிம்மில் பழக்குகிறேன். குறைந்த செற், கடும் முயற்சி, நிறைய ஓய்வு என்ற முறையைப் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். செற் என்றால் நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று. வந்தவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு எழுதுகிறேன்.

மாங்குளம்: மாஸ்டர், தினமும் இரண்டு மணித்தியாலம் செய்கிறேன். ஒரு வருடமாகியும் கை பருக்கவில்லை. ஏன்?

இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு செற்றையும் பாதியில் விடுகிறீர்கள், தம்பி. உடம்பு சிக்கனமானது. முதலில் சின்னத் தசைநார்களைத்தான் வேலைக்குக் கூப்பிடும். அவை களைக்கக் களைக்கத்தான் பெரிய நார்கள் இறங்கும். கூடுதலாகப் பருக்கக்கூடியவை அவைதான். பதினைந்து தரம் தூக்கக்கூடிய பளுவை எட்டாம் தரத்தில் வைத்துவிட்டால் அவற்றில் பலவற்றுக்கு வேலையே வராது.

எட்டு முதல் பன்னிரண்டு தரம் மட்டும் தூக்க முடிகிற பளுவை எடுங்கள். தூக்க இரண்டு செக்கன், இறக்க மூன்று நான்கு செக்கன். உடம்பை ஆட்டக்கூடாது. ‘இனி ஒன்று வரும், மிஞ்சினால் இரண்டு’ என்ற இடம் வரை போங்கள். கிழமைக்கு மூன்று நாள், முக்கால் மணித்தியாலம் போதும். கொப்பியில் எழுதிவையுங்கள். பன்னிரண்டு வந்ததும் பளுவைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். மூச்சை அடக்கிக் காலால் பளு தள்ளுபவர்களின் இரத்த அழுத்தம் 300-ஐத் தாண்டியதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

விசுவமடு: எந்தப் புரோட்டீன் பவுடர் நல்லது அண்ணா?

தேவையே இல்லை. உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்குக் காணும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். நான்கு முட்டையில் 24, குளத்து மீன் சதை 200 கிராமில் 40, ஐம்பது கிராம் கச்சானில் 12, ஐம்பது கிராம் பயறில் 12. மிச்சம் சோற்றிலும் பாலிலும் வந்துவிடும். மீன் இல்லாத நாளில் சோயா மீற் இருக்கிறது.

துணுக்காய்: வயல் வேலையே பயிற்சிதானே?

அது உழைப்பு. மண்வெட்டி ஆயிரம் தரம் விழும், ஒவ்வொரு வீச்சும் இலேசு. தாங்குதிறன் வளரும், ஒரு கட்டத்துக்கு மேல் தசை வளராது. ஆனால் களைப்பு களைப்புத்தான், உடம்பு அதையும் சேர்த்துத்தான் கணக்கு வைக்கும். விதைப்பிலும் அறுவெட்டிலும் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் பளு தூக்குங்கள். இளம் உடம்பில் இருக்கிற தசையைக் காக்க அது போதும்.

வவுனியா: ஒரு செற்றுக்கு மேல் செய்வது வீண். 1973இல் கொலராடோவில் கேசி வியேட்டர் என்ற பொடிபில்டர் 28 நாளில் 63 இறாத்தல் தசை ஏற்றினாரே?

இந்தக் கதையை நானும் இளவயதில் நம்பினேன். அந்தப் பரிசோதனையை நடத்தியவர் ஆர்தர் ஜோன்ஸ். நோட்டிலஸ் என்ற பயிற்சி மெசின்களைச் செய்து விற்றவரும் அவர்தான். வியேட்டர் 1971இலேயே மிஸ்டர் அமெரிக்கா கட்டழகர் பட்டம் வென்றவர். விபத்துக்கும் வருத்தத்துக்கும் பிறகு மெலிந்து போயிருந்தவர். இழந்த தசை திரும்புவது புதுத் தசை வளர்வதைவிட எவ்வளவோ விரைவு. ஒப்பிட்டுப் பார்க்க அவரைப் போல வேறொரு குழுவும் இருக்கவில்லை. ஜோன்ஸ் செய்த நல்லது என்னவென்றால், முயற்சியை மணித்தியாலத்தால் அளக்காதே என்று உரத்துச் சொன்னது.

வவுனியா, மறுபடி: அப்படியென்றால் டோரியன் யேட்ஸ்? ஒரு செற்றில் ஆறு தரம் மிஸ்டர் ஒலிம்பியா கட்டழகர் போட்டியை வென்றார்.

1992 முதல் 1997 வரை, ஆறு. சரி. ஆனால் அந்த ‘ஒரு செற்’றுக்கு முன் அவர் செய்த சூடேற்றும் செற்களை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அவையே முழுப் பயிற்சி. ஊக்கமருந்து பாவித்ததை அவரே ஒப்புக்கொண்டவர். கடைசிப் போட்டிக்கு முன் கைத்தசை கிழிந்ததும் தெரிந்ததுதானே.

பரந்தன்: நான் இருபது செற் செய்கிறேன். வவுனியா அண்ணா சோம்பேறித்தனத்துக்குச் சாட்டுத் தேடுகிறார்.

அவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். ஒரு செற்றை உண்மையாகச் செய்கிறவர் அவர். இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு தசைக்குக் கிழமைக்குப் பத்து செற் அளவில் செய்தவர்களுக்கு, ஐந்துக்குக் குறைவாகச் செய்தவர்களைவிடக் கூடுதலாகப் பருத்திருக்கிறது. ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. ஆனால் முதல் செற்றே பலனில் பெரும்பங்கைத் தந்துவிடும். அடுத்ததெல்லாம் குறையக் குறையத்தான் தரும். இன்னொன்று, கை நின்றுபோகும் வரை போனாலும், ஒன்றிரண்டு மிச்சம் வைத்து நிறுத்தினாலும், பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் முன்பு ஒரு செற் பழக்கிய நான் இப்போது இரண்டு பழக்குகிறேன், கடைசியில் ஒன்றை மிச்சம் வைக்கச் சொல்கிறேன். இருபது செற் தம்பி, உங்கள் கொப்பியைக் காட்டுங்கள். மூன்று மாதத்தில் பளு ஏறியிருந்தால் நான் வாய் திறக்கமாட்டேன்.

தர்மபுரம்: புரோட்டீன் பவுடர் எப்போது குடிப்பது?

விசுவமடுத் தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள்.

மல்லாவி: பின்னேரம் மூன்று மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் செய்கிறோம். தலை சுற்றுகிறது.

ஆறு மணிக்குப் பிறகு மாற்றுங்கள். தண்ணீரும் உப்பும் தேவை. மூச்சைப் பிடிக்காதீர்கள். புதிதாக வந்த பிள்ளையை முதல் நாளே முறிக்காதீர்கள். தசை அளவுக்கு மிஞ்சி உடைந்தால் அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம்.

செட்டிகுளம்: அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். தசைக்கு என்று விற்கிற கிரியேட்டின் பவுடரை நான் எடுக்கலாமா?

முதலில் உங்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதியுங்கள். காரணம் தெரியாத சிறுநீரக நோய் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. கிரியேட்டின் எடுத்தால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு கூடிக் காட்டும், டொக்டர் குழம்புவார். எடுப்பதென்றால் அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சிறுநீரகத்தில் குறை தெரிந்தால் புரதக் கணக்கையும் அவர்தான் சொல்லவேண்டும், நான் இல்லை.

பூநகரி: ஊக்கமருந்து ஊசி போட்டால்?

வேண்டாம், தம்பி.

புதுக்குடியிருப்பு: 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போடுகிறேன். எனக்கும் இந்த முறை சரிவருமா?

கட்டாயம் சரிவரும், அண்ணா. செயற்கைக் கால் போட்ட பக்கத்துத் தொடை மெலிந்துகொண்டே போகும். மற்றக் கால் கூடுதல் சுமை தாங்கி, வருடங்கள் போக முழங்காலும் நாரியும் நோகத் தொடங்கும். அதனால் இடது தொடையில்தான் தொடங்கவேண்டும். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருங்கள். மிஞ்சிய காலின் நுனிக்கு மேலே பழைய சைக்கிள் ரியூப்பைத் துணி சுற்றிக் கட்டி, மறுமுனையைக் கதிரைக் காலில் கட்டி, காலை நீட்டி, நான்கு செக்கனில் மடக்குங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து, அந்தத் தொடைக்கடியில் சுருட்டிய தலையணை வைத்து, அதை அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். இரண்டுக்கும் இரண்டு செற். மூச்சைப் பிடிக்காதீர்கள். வலது காலால் கதிரையில் இருந்து எழும்பிப் பழகுங்கள், பக்கத்தில் பிடிக்க மேசை இருக்கட்டும். தோல் சிவந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். செயற்கைக் காலில் மிஞ்சிய கால் நுழைகிற கிண்ணம் இறுகவும் கூடும். அப்போது செய்து தந்தவர்களிடமே போய்ச் சரிசெய்யுங்கள். உடம்பில் எறிகணைச் செல் துண்டு இருந்தால் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு எழுதுங்கள், அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.

அக்கராயன்: புரோட்டீன் பவுடர்...

மேலே பாருங்கள்.

முள்ளியவளை: அம்மாவுக்கு 61 வயது. படியேறக் கஷ்டப்படுகிறா. இது அவவுக்கும் பொருந்துமா?

பொருந்தும், தங்கச்சி. பிரஷர் இருந்தால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். கை வைக்காமல் கதிரையில் இருந்து மெல்ல எழும்பி, மெல்ல இருக்கச் சொல்லுங்கள். இனி ஒன்றிரண்டுதான் வரும் என்றதும் நிறுத்தட்டும். இரண்டு நாள் விட்டு மறுபடி. முதல் நாள் எத்தனை தரம் வந்தது என்று எழுதி அனுப்புங்கள்.