விடாமல் பின்தொடரும் விளம்பரங்கள்

கேள்வி: கனடாவிலிருந்து வரும் தம்பி குடும்பத்துக்காக நிலாவெளியில் தங்குமிடம் தேடினேன். அன்று தொடக்கம் செய்தித் தளங்களிலும், மகள் பாடம் பார்க்கும் பக்கங்களிலும் விடுதி விளம்பரங்களே வருகின்றன. பிறகு குரோமின் மறைநிலைச் சாளரத்தில் ஜிமெயிலைத் திறந்துகொண்டு தேடினேன். அப்போதும் அதே கதைதான். செலவில்லாமல் தடுக்க வழியுண்டா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை.

பதில்: மறைநிலைச் சாளரம், அதை மூடியதும் தேடல் வரலாற்றையும் குக்கிகளையும் (தளங்கள் உலாவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடும். அதாவது, அடுத்து அதே கணினியில் அமரும் மகளுக்குத்தான் உங்கள் தேடல் தெரியாதே தவிர, நீங்கள் பார்க்கும் தளத்துக்கோ இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கோ அது மறைவதில்லை. போதாக்குறைக்கு, ஜிமெயிலுக்குள் நுழைந்ததால் தேடுபவர் யாரென்று நீங்களே கூகுளுக்கு அறிவித்துவிட்டீர்கள். முதலில் கூகுள் கணக்கின் 'மை அட் சென்டர்' பகுதியில் உங்களுக்கென்று தெரிவுசெய்யப்படும் விளம்பரங்களை நிறுத்திவிடுங்கள்.

சாதாரணச் சாளரத்தில் உங்களைப் பின்தொடர்வது பெரும்பாலும் மூன்றாந்தரப்புக் குக்கி. விடுதித் தளமொன்றைத் திறக்கும்போது, அதில் இடம்பிடித்திருக்கும் விளம்பர நிறுவனம் உங்கள் உலாவியில் ஓர் அடையாள இலக்கத்தை இட்டுச்செல்கிறது. செய்தித் தளத்திலும் அதே நிறுவனம் இருந்தால், அந்த இலக்கத்தை வாசித்து மறுபடியும் நிலாவெளியையே உங்கள் முன் நிறுத்துகிறது. இவற்றை சஃபாரி உலாவி 2020 முதல் தானாகவே தடுக்கிறது. அதே ஆண்டில் இவற்றை அகற்றப்போவதாக அறிவித்த கூகுளோ 2024 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது; விளம்பரத்தால் வாழும் நிறுவனத்திடம் வேறெதை எதிர்பார்ப்பது? ஆகவே குரோமில் செட்டிங்ஸ் சென்று, 'பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி' பகுதியில் மூன்றாந்தரப்புக் குக்கிகளை நீங்களேதான் தடுக்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது பயர்பொக்ஸ் உலாவி. 2022 முதல் அது ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே வைத்திருப்பதால், ஒரு தளத்தில் இடப்பட்ட இலக்கத்தை இன்னொரு தளத்திலிருந்து வாசிக்க முடிவதில்லை. மேல் வலது மூலையிலுள்ள மூன்று கோடுகளைச் சொடுக்கி, செட்டிங்ஸில் 'பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி' பகுதிக்குச் சென்று 'ஸ்ட்ரிக்ட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் 'யூபிளொக் ஒரிஜின்' என்ற இலவச நீட்சியையும் (உலாவியுடன் இணைக்கும் சிறு மென்பொருள்) சேர்க்கலாம். அதன் முழு வடிவத்தை குரோம் இப்போது அனுமதிப்பதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் மேலும் பல நீட்சிகளை அடுக்க வேண்டாம்: திரை அளவு, எழுத்துருக்கள், நேர வலயம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஒருவரை இனங்காணும் முறையும் உண்டு, நீட்சிகள் கூடக்கூட உங்கள் உலாவி மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

'ஸ்ட்ரிக்ட்' காரணமாகச் சில வேளைகளில் வங்கிப் பக்கமோ முன்பதிவுப் பக்கமோ சரியாகத் திறக்காது. அப்போது முகவரிப் பட்டையின் இடப்புறத்திலுள்ள கவசச் சின்னத்தைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்தினால் போதும். ஏனைய தளங்களுக்கு அது அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும்.